தோற்றால் என்ன கிடைக்கும்? என்.பி.ஏ. குலுக்கலின் கணக்கு

2023 ஏப்ரல் 7 அன்று, அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் டாலஸ் மேவரிக்ஸ் அணிக்குப் பிளேஆஃப் நோக்கிச் செல்லும் கதவு இன்னும் முழுதாக மூடியிருக்கவில்லை. ஆயினும் சிகாகோ புல்ஸுக்கு எதிரான அன்றைய ஆட்டத்தில் கைரி இர்விங் உள்ளிட்ட முன்னணி வீரர்கள் பலர் களமிறங்கவில்லை. லூகா டான்சிச் சிறிது நேரம் ஆடியபின் உட்கார வைக்கப்பட்டார். டாலஸ் 112–115 என்று தோற்றது. அவ்வாண்டு இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் அதன் முதல் சுற்று உரிமை, முதல் 10 இடங்களுக்குள் அமைந்தால் அணியிடமே தங்கும், அதற்குக் கீழே போனால் பழைய ஒப்பந்தப்படி நியூயார்க் நிக்ஸுக்குச் சென்றுவிடும் என்பதே காரணம். என்.பி.ஏ. நிர்வாகம் 7,50,000 டாலர் அபராதம் விதித்தது. உரிமையோ டாலஸிடமே தங்கியது.

இதற்கு அடிப்படை ‘டிராஃப்ட்’ என்னும் ஏற்பாடு. கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் புதிய வீரர்களை ஆண்டுதோறும் 30 அணிகளும் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கின்றன. நலிந்த அணிகளுக்கு அந்த வரிசையில் முன்னிடம் தரப்படுகிறது. ஐ.பி.எல். ஏலத்தில் பட்டியலின் அடியில் இருப்பதால் ஓர் அணிக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. 2025-இல் கடைசி இடம் பிடித்த சென்னை சூப்பர் கிங்ஸ் அதற்காக எந்த இளம் வீரரையும் முதலில் எடுத்துக்கொள்ள முடியவில்லை. கூடைப்பந்திலோ களத்தில் ஓரணிக்கு ஐவர் மட்டுமே. 48 நிமிட ஆட்டத்தில் ஒரு நட்சத்திர வீரர் 35 நிமிடங்களுக்கு மேல் ஆடுவது இயல்பு. ஆகவே ஒரே ஒருவர் ஓர் அணியின் பத்தாண்டுகளை மாற்றிவிடக்கூடும். 1997-இல் டிம் டங்கனைப் பெற்ற சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அவரைக் கொண்டு ஐந்து கோப்பைகளை வென்றது.

வேண்டுமென்றே தோற்பது என்றதும் வீரர்கள் பந்தைத் தவறவிடுவதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. அடுத்த ஒப்பந்தத்துக்காக ஆடும் ஒரு வீரர், நாளை தம் இடத்தையே பறிக்கக்கூடிய ஓர் இளைஞருக்காக இன்று மோசமாக ஆட வேண்டிய தேவை என்ன? தோல்வி தயாராவது நிர்வாக அறையில். யாரைக் களமிறக்குவது, யாருடைய சிறு காயத்துக்கு நீண்ட ஓய்வு தருவது, அனுபவசாலிகளை எப்போது விற்பது என்ற முடிவுகளே அதன் கருவிகள்; ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நியாயம் சொல்ல முடியும் என்பதால் குற்றத்தை மெய்ப்பிப்பது கடினம்.

1984-இல் இது ஏறக்குறைய வெளிப்படையாகவே நடந்தது. அக்காலத்தில் கிழக்கு, மேற்கு ஆகிய இரு பிரிவுகளிலும் கடைசியில் நிற்கும் அணிகளுக்கிடையே நாணயம் சுண்டி முதல் தேர்வு யாருக்கு என்று முடிவு செய்தார்கள். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் தன் இறுதி 17 ஆட்டங்களில் 14-இல் தோற்றது. ஏப்ரலில் சான் அன்டோனியோவுக்கு எதிராகக் கூடுதல் நேரம் வரை நீண்ட ஓர் ஆட்டத்தில், 38 வயதான எல்வின் ஹேய்ஸை 53 நிமிடங்களும் இடைவிடாமல் ஆடவைத்தார்கள். ஓய்வுபெறும் மூத்த வீரருக்கான மரியாதை அது என்று வாதிடலாம், நம்புவதுதான் சிரமம். பருவ முடிவில் ஹூஸ்டனுக்கு 29 வெற்றிகள், மேற்கில் அதற்கு நேர் மேலே இருந்த சான் டியகோ கிளிப்பர்ஸுக்கு 30. அந்த ஒரு வெற்றி வேறுபாட்டில் நாணயம் சுண்டும் உரிமை ஹூஸ்டனுக்கு வந்தது. நாணயமும் கைகொடுக்க, பின்னாளில் அணிக்கு இரு கோப்பைகளை வென்று தந்த ஹகீம் ஒலாஜுவான் வந்து சேர்ந்தார்.

மறு ஆண்டே, பிளேஆஃபை எட்டாத ஏழு அணிகளுக்கும் சம வாய்ப்புள்ள குலுக்கல் வந்தது. ஆனால் மிக மோசமான ஆட்டக்கணக்கைக் கொண்டிருந்த இரு அணிகளுள் ஒன்றான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அதில் ஏழாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. நலிந்தவருக்கு உதவும் நோக்கமே இதனால் அடிபடுகிறது என்ற குறை எழுந்து, 1990-இல் மோசமான அணிக்கு அதிக வாய்ப்புத் தரும் எடையிட்ட குலுக்கல் அமலானது. இந்த மூன்று விதிகளும் ஆய்வாளர்களுக்குத் தானே அமைந்த ஒரு சோதனைச்சாலையாகப் பயன்பட்டன. பெக் டெய்லர், ஜஸ்டின் ட்ரோக்டன் என்னும் பொருளியலாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், போட்டியிலிருந்து வெளியேறிவிட்ட அணிகள் நாணயக் காலத்தில் எதிர்பார்ப்பைவிடக் கூடுதலாகத் தோற்றதும், சம வாய்ப்புக் காலத்தில் அப்போக்கு மறைந்ததும், எடையிட்ட குலுக்கலோடு அது மீண்டும் தலைகாட்டியதும் தெரியவந்தன.

குலுக்கலை நடத்தும் முறை எளிது. 1 முதல் 14 வரை எண்ணிட்ட 14 பந்துகளைக் காற்று இயந்திரத்தில் சுழலவிட்டு நான்கு பந்துகளை எடுக்கிறார்கள். இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒருவர் நேரம் பார்த்துக் கையை உயர்த்தும்போதுதான் ஒவ்வொரு பந்தும் எடுக்கப்படுகிறது. வந்த வரிசையைப் பொருட்படுத்தாவிட்டால் 14-இலிருந்து நான்கைத் தெரிவு செய்ய 1001 வழிகள் உண்டு. ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதி 1000 சேர்க்கைகளை அணிகளுக்குப் பங்கிடுகிறார்கள்.

சிக்கல் அந்தப் பங்கீட்டில் இருக்கிறது. 2018 வரை கடைசி அணிக்கு 250 சேர்க்கைகள், கீழிருந்து மூன்றாவது அணிக்கு 156. ஆகவே மூன்றாவது இடத்திலிருந்து கடைசிக்கு இறங்கினால் முதல் தேர்வுக்கான வாய்ப்பு 9.4 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியது. 2019-இல் கீழுள்ள மூன்று அணிகளுக்கும் 140 என்று சமமாக்கியதால் அந்த ஆதாயம் சுழியமாயிற்று. குலுக்கலில் முடிவாகும் முன்னிடங்களும் மூன்றிலிருந்து நான்காயின; மற்றவை பட்டியலின் அடியிலிருந்து வரிசையாகத் தரப்படும். இதனால் கடைசி அணி ஐந்தாம் தேர்வு வரை சரியலாம். அது ஐந்தாம் இடத்தில் போய் நிற்கும் வாய்ப்பு 47.9 விழுக்காடு, அதாவது ஏறத்தாழப் பாதி. 2023-இலும் 2024-இலும் கடைசி இடத்தில் நின்ற டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் இரண்டு முறையும் ஐந்தாம் தேர்வையே பெற்றது. 2025-இல் 17 ஆட்டங்களை மட்டுமே வென்ற யூட்டா ஜாஸுக்கும் அதே கதி. அவ்வாண்டு முதல் தேர்வைத் தட்டிச் சென்றது, 1.8 விழுக்காடு வாய்ப்பு மட்டுமே இருந்த டாலஸ்.

ஆனால் நடுப்பகுதியைப் பார்த்தால் கதை வேறு. கீழிருந்து பத்தாவதாக உள்ள அணி ஒன்பதாவதாக இறங்கினால் பழைய முறையில் 11 சேர்க்கைகள் 17 ஆயின. புதிய முறையில் 30 சேர்க்கைகள் 45 ஆகின்றன. ஓரிடம் இறங்குவதன் ஆதாயம் 0.6 புள்ளியிலிருந்து 1.5 புள்ளியாக உயர்ந்துள்ளது. அடிமட்டத்தில் தோல்வியின் ஆதாயத்தைக் குறைத்த அதே விதி, பிளேஆஃப் வாசலில் தயங்கி நிற்கும் அணிகளுக்கு அதைக் கூட்டிவிட்டது. மொத்தம் 1000 சேர்க்கைகள்தான். ஒரு முனையில் எடுத்ததை வேறெங்கோ கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

அப்படியானால் ஓர் அணி தோற்கலாமா? பருவத்தின் கடைசி சில வாரங்களில், ஏற்கெனவே வாய்ப்பிழந்த அணி இளையவர்களை ஆடவிடுவதில் இழப்பு அதிகமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கணக்கில் தோற்பதையே திட்டமாக்குவது வேறு. 2013 முதல் பிலடெல்பியா 76ர்ஸ், சாம் ஹின்கியின் தலைமையில் அதைத்தான் செய்தது: மூன்று பருவங்களில் 47 வெற்றி, 199 தோல்வி. பலனாக ஜோயல் எம்பீட் கிடைத்தார். அவர் 2023-இல் தொடரின் மிகச் சிறந்த வீரர் விருதையும் பெற்றார். ஆனால் 2018 முதல் 2024 வரை தொடர்ந்து ஏழு முறை பிளேஆஃப் ஆடியும் அணி இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. 2017-இல் பாஸ்டன் செல்டிக்ஸிடமிருந்து முதல் தேர்வை விலைகொடுத்து வாங்கி எடுத்த மார்க்கெல் ஃபுல்ட்ஸ், வழக்கமான பருவத்தில் 33 ஆட்டங்கள் மட்டுமே ஆடிவிட்டு வேறு அணிக்குச் சென்றார். அந்தப் பேரத்தில் பிலடெல்பியா விட்டுக்கொடுத்த மூன்றாம் தேர்வில் பாஸ்டன் ஜேசன் டேட்டமை எடுத்து 2024-இல் கோப்பை வென்றது. பாஸ்டனுக்கு அந்த முதல் தேர்வு உரிமை ப்ரூக்ளின் அணியிடமிருந்து வந்தது. 2016–17 பருவத்தில் பாஸ்டன் 53 ஆட்டங்களை வென்றிருந்தது! பின்னாளில் மிகச் சிறந்த வீரர் விருதைப் பலமுறை வென்ற நிகோலா யோகிச் 2014-இல் எடுக்கப்பட்டதோ 41-ஆம் இடத்தில். முதல் தேர்வு கையில் இருப்பதும் சரியான வீரரை அடையாளம் காண்பதும் ஒன்றல்ல.

தோல்வியையும் பரிசையும் பிரிப்பதற்கான முயற்சிகளுள் எனக்கு மிகவும் நேர்மையாகத் தோன்றுவது, புள்ளியியல் துறையைச் சேர்ந்த ஆடம் கோல்ட் முன்மொழிந்த முறை. பிளேஆஃப் வாய்ப்பை இழந்த நாளிலிருந்து ஓர் அணி ஈட்டும் வெற்றிகளைக் கொண்டே தேர்வு வரிசையை முடிவு செய்வது அது. மோசமான அணி முன்னதாகவே வெளியேறுவதால் புள்ளி சேர்க்க அதற்கு அதிக ஆட்டங்கள் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை வென்றாக வேண்டும். உண்மையிலேயே வலுவற்ற அணியால் அப்போதும் வெல்ல முடியாமல் போகலாம் என்பது இதன் குறை. வட அமெரிக்க மகளிர் ஐஸ் ஹாக்கித் தொடரான பி.டபிள்யூ.எச்.எல். இந்த முறையை ஏற்றது. அதன்படி 2024-இல் முதல் தேர்வைப் பெற்ற நியூயார்க் அணி, ஆறு அணிகள் கொண்ட பட்டியலிலும் கடைசி இடத்தில்தான் இருந்தது.