கலைத்தும் கலையாத சீட்டுக்கட்டு

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வயது நாற்பத்தைந்து. கணக்காளர் வேலை. இப்போதுதான் சீட்டு வித்தை பழக ஆசை வந்திருக்கிறது. இனி என் விரல்கள் வளையுமா? எங்கிருந்து தொடங்குவது?"

விரல்கள் வளையும். வளர்ந்தவர்களின் மூளையும் புதிய கையசைவுகளைக் கற்றுக்கொள்ளும், கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். போயா விடுமுறையில் ஒரே இருப்பில் மூன்று மணி நேரம் பழகுவதைவிட தினமும் பத்து நிமிடம் பழகுவது பலன் தரும். இடைவெளி விட்டுப் பழகினால் நன்றாகப் பதியும் என்பது உளவியலில் நூறாண்டுக்கும் மேற்பட்ட முடிவு; எபிங்ஹாஸ் 1885லேயே எழுதிவைத்தது. ஆனால் இந்தக் கேள்விக்கு என் பதில் வேறு. விரல்களைச் சில மாதங்கள் சும்மா விடுங்கள். கணிதத்தில் தொடங்குங்கள்.

காரணம் இருக்கிறது. கிட்ட இருந்து செய்யும் வித்தையில் பார்ப்பவர் உங்களிடமிருந்து ஒரு கை தூரத்தில்தான் இருப்பார். புதியவர் ஒரு சீட்டைக் களவாக மாற்றப் பார்க்கும்போது தன் கையையே உற்றுப் பார்ப்பார். நீங்கள் எங்கே பார்க்கிறீர்களோ, எதிரே இருப்பவரும் அங்கேதான் பார்ப்பார். குஸ்தாவ் கூன் என்ற வித்தைக்கார உளவியலாளர் 2006இல் மைக்கேல் லாண்ட் என்பவருடன் சேர்ந்து இதைச் சோதித்தார். பந்தை இரண்டு தடவை மேலே எறிந்து பிடித்துவிட்டு, மூன்றாம் தடவை எறிவதுபோல் கையை மட்டும் அசைப்பது. பந்து உள்ளங்கையிலேயே இருக்கும். வித்தைக்காரரின் பார்வையும் சேர்ந்து மேலே போனபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பந்து மேலே போனதைக் கண்டதாகவே சொன்னார்கள். போகாத பந்தை! அவர் தன் கையைப் பார்த்தபடி அதே அசைவைச் செய்தபோது ஏமாந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான். கையில் ஒரு வித்தியாசமும் இல்லை, கண்ணில்தான்.

ஆக, கடினமான பகுதி ஆட்களைக் கவனிப்பது. அதைப் பழகும் வரைக்கும் கையின் வேலையைக் கட்டே பார்த்துக்கொள்ளும் வித்தை ஒன்று இருந்தால் நல்லது. இருக்கிறது.

என்ன கட்டு வாங்குவது என்று யோசிக்க வேண்டாம். புறக்கோட்டையில் கிடைக்கும் முழு பிளாஸ்டிக் சீட்டுகள் வழுக்கும். நல்ல காகிதச் சீட்டில் கண்ணுக்குத் தெரியாத சிறு குழிகள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றில் தங்கும் காற்றால் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று இலகுவாக நகரும். ஆனால் கொழும்பின் ஈரக் காற்றில் காகிதம் ஊதி, கொஞ்ச நாளில் கட்டிபிடித்துவிடும். நாம் செய்யப்போவதற்கு இது ஒன்றும் பொருட்டில்லை. வீட்டில் 304 என்ற சீட்டாட்டம் விளையாடும் பழைய கட்டு போதும்: ஒவ்வொரு இனத்திலும் ஏழு முதல் ஏஸ் வரை எட்டு, மொத்தம் 32. பதினாறு சிவப்பு, பதினாறு கறுப்பு.

கட்டை முன்கூட்டியே சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று மாறிமாறி அடுக்கிவைத்துக்கொள்ளுங்கள். மேசையில் வைத்து, எதிரே இருப்பவரை விருப்பப்படி வெட்டச் சொல்லுங்கள். எத்தனை தடவையும் வெட்டலாம். 32 இரட்டை எண் என்பதால் அடி சீட்டும் மேல் சீட்டும் எப்போதும் வேறு நிறம், மாறிமாறி வரும் ஒழுங்கு கெடாது. அப்புறம் மேலிருந்து ஒவ்வொன்றாக எண்ணி மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். பாதிக்குக் கிட்ட, நினைத்த இடத்தில் நிறுத்தலாம். இப்போது இரண்டு அடுக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூலைகளைப் பெருவிரலால் தூக்கிப் பொரபொரவென்று ஒன்றுக்குள் ஒன்று விழவிட்டு ஒரு தடவை கலைக்க வேண்டும். அப்படிக் கலைக்கத் தெரியாதவரா? வலமோ இடமோ, விரும்பிய அடுக்கின் மேலிருந்து ஒரு சீட்டாக எடுத்துப் புதிய அடுக்கில் போட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள். கணிதத்துக்கு இரண்டும் ஒன்றே.

இதோ கலைந்த கட்டு. அதை மேசைக்குக் கீழே பிடித்து, "என் விரலுக்கு நிறம் தெரியும்" என்று சொல்லியபடி, மேலிருந்து இரண்டிரண்டாக வெளியே எடுத்துப் போடுங்கள். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. பதினாறு சோடியும் அப்படியே.

இதைக் கண்டுபிடித்தவர் நார்மன் கில்பிரெத் என்ற அமெரிக்கர். வெளியிட்டது 1958இல், ஒரு வித்தைக்காரர் சஞ்சிகையில். பகா எண்களைப் பற்றி அவர் பெயரிலேயே ஓர் ஊகம் உண்டு, அது இன்னும் நிறுவப்படவில்லை. சீட்டு விடயம் மட்டும் பாடசாலைப் பிள்ளைக்கும் நிறுவிக்காட்டக்கூடியது. எனக்கு இந்தப் பகுதிதான் இனிப்பு. அவசரப்படாமல் வாருங்கள்.

இரண்டு அடுக்குகளின் மேல் சீட்டுகளை மட்டும் பாருங்கள். எண்ணிப் போட்ட அடுக்கின் மேல் கடைசியாகப் போட்ட சீட்டு இருக்கிறது. மிச்ச அடுக்கின் மேல் அதற்கு அடுத்துப் போட வேண்டியிருந்த சீட்டு இருக்கிறது. கட்டில் இவை அடுத்தடுத்து இருந்தவை, ஆகவே வேறு வேறு நிறம். எங்கே நிறுத்தினாலும் இது மாறாது. இடது அடுக்கின் மேல் சிவப்பு, வலது அடுக்கின் மேல் கறுப்பு என்று வைத்துக்கொள்வோம்.

கலைத்த கட்டின் முதல் சீட்டு இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். இடது சிவப்பு முதலில் வந்தது என்று வைப்போம். அது போனதும் அடியில் இருந்த கறுப்பு மேலே வருகிறது. வலது அடுக்கின் மேலும் கறுப்பு. இப்போது இரண்டு பக்கமும் கறுப்பு! அடுத்த சீட்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கறுப்பாகத்தான் இருக்கும். சோடி முடிந்தது. மறுபடி மேலே பாருங்கள். அந்தக் கறுப்பு இடதிலிருந்து வந்திருந்தால் அங்கே சிவப்பு, வலதில் கறுப்பு. வலதிலிருந்து வந்திருந்தால் இடதில் கறுப்பு, வலதில் சிவப்பு. எப்படியானாலும் மேல் சீட்டுகள் மீண்டும் வேறு வேறு நிறம். தொடங்கிய நிலைக்கே திரும்பிவிட்டோம். கணக்காளருக்கு அவர் மொழியிலேயே சொல்வதானால் இது இரட்டைப் பதிவு. ஒரு பற்று எழுதினால் பொருந்தும் வரவு விழுந்தே தீரும். எந்தப் பேரேட்டில் எழுதுவது என்பது மட்டுமே உங்கள் சுதந்திரம்.

உயிர்நாடி எங்கே இருக்கிறது என்று கவனித்தீர்களா? ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டதில். பார்ப்பவருக்கு அது வெறும் எண்ணிக்கை. உண்மையில் அது ஒரு அடுக்கைத் தலைகீழாக்குகிறது. எண்ணாமல் மேல் பாதியை அப்படியே தூக்கி வைத்தால், தூக்கியது ஒற்றை எண்ணாக இருந்தால் வித்தை பலிக்கும், இரட்டை எண்ணாக இருந்தால் முதல் சோடியிலிருந்தே தடுமாறத் தொடங்கும். எண்ணிப் போடும் அந்தச் சலிப்பூட்டும் அரை நிமிடம்தான் வித்தை முழுவதும். கலைத்தல் என்பது அதற்குப் பிறகு நடக்கும் சடங்கு.

எந்த இடத்தில் நிறுத்துவது, எப்படிக் கலப்பது என்பதையெல்லாம் சேர்த்தால் 32 சீட்டில் வரக்கூடிய வரிசைகள் 214 கோடிக்கும் மேல். அத்தனையிலும் சோடிகள் பொருந்தும்.

"கலைத்தால் ஒழுங்கு அழியும்" என்ற நம் நம்பிக்கைதான் இங்கே ஏமாறுவது. ஒரு தடவை கலைத்தால் மிகக் கொஞ்சம்தான் அழிகிறது. 52 சீட்டுக் கட்டு நன்றாகக் கலைய ஏழு தடவையாவது இப்படிக் கலைக்க வேண்டும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992இல் காட்டினார்கள். டயகோனிஸ் பதினாலு வயதில் வீட்டைவிட்டு வெளியேறி, டாய் வெர்னன் என்ற வித்தைக்காரருடன் ஊர் ஊராகத் திரிந்தவர்; பிறகு ஸ்டான்ஃபோர்டில் கணிதப் பேராசிரியர். சீட்டுக் கலைப்பதை ஆராயவா பணம் என்று கேட்பவர்கள் இங்கேயும் உண்டு. ஒரு தொகுதி தன் தொடக்க நிலையை மறக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதே அந்தக் கேள்வியின் உள்ளடக்கம். எழுமாற்று எண்களை வைத்துக் கணினியில் செய்யும் எந்த மாதிரியாக்கத்துக்கும் அது தேவை. தேசிய உற்பத்தியில் ஒரு வீதத்துக்கும் வெகு கீழே ஆய்வுக்குச் செலவிடும் நாடு நம்முடையது. அந்தச் சொற்பத்திலும் "உடனே பயன் என்ன?" என்று முதல் வரியிலேயே கேட்கும் விண்ணப்பப் படிவங்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, மேசைக்குத் திரும்புவோம். தொடங்கும்போது கட்டின் முகத்தை ஒரு நொடி விரித்துக் காட்டலாம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கண்ணில் கூர்மையாகத் தெரியும் பகுதி, கையை நீட்டிப் பிடித்தால் பெருவிரல் நகத்தின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் மங்கல். சிவப்பும் கறுப்பும் மாறிமாறி வருவதைவிட, ஒரே நிறம் நான்கு சேர்ந்து வந்தால்தான் ஆட்கள் சந்தேகப்படுவார்கள். கலைக்கும் வேலையை முழுக்க அவர் கையிலேயே விடுங்கள். நீங்கள் சீட்டைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். பழக வேண்டியது இதுதான், கணிதம் உங்களை இதற்காகத்தான் விடுவித்திருக்கிறது.

ஒன்றில் மட்டும் எனக்குப் பிடிவாதம். "விரலுக்கு நிறம் தெரியும்" என்பதை விளையாட்டாகச் சொல்லுங்கள். முடிந்த பிறகும் யாராவது நம்பினால், இது கணக்கு என்று சொல்லிவிடுங்கள். எப்படி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதே அளவு வித்தையை வைத்துக்கொண்டு "சக்தி" என்று பலகை மாட்டிக் காசு வாங்குபவர்கள் கொழும்பில் குறைவில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பிறகு கொழும்பிலும் தாவரவியல் படிப்பித்த ஏப்ரகாம் கோவூர், அப்படிச் சக்தி இருப்பதாகச் சொல்பவர்களிடம் 1963இல் ஒரு இலட்சம் ரூபா பந்தயம் கட்டினார். அவர் கேட்ட காரியங்களில் ஒன்று, உறையிட்டு மூடிய பண நோட்டின் தொடரிலக்கத்தை வாசித்துக் காட்டுவது. 1978இல் அவர் கொழும்பில் காலமாகும் வரை அந்தப் பணத்தை எவரும் வெல்லவில்லை. விரலால் நிறம் தெரிந்த ஒருவர் போயிருந்தால் வீடு கட்டியிருக்கலாம்.

சோடி வித்தை கைவந்ததும் கில்பிரெத்தின் இரண்டாவது விதிக்குப் போங்கள், அது 1966இல் வந்தது. நிறங்களுக்குப் பதிலாக எந்தத் தொடர் திரும்பத் திரும்ப வந்தாலும் போதும். 304 கட்டை ஜெக், ஒன்பது, ஏஸ், பத்து, கிங், குயின், எட்டு, ஏழு என்று அடுக்கி, அதே வரிசையை நான்கு தடவை தொடருங்கள், இனங்கள் கலந்திருக்கட்டும். பழையபடி வெட்டி, எண்ணிப் போட்டு, ஒரு தடவை கலைத்தால் மேலிருந்து ஒவ்வொரு எட்டிலும் எட்டு வகையும் ஒவ்வொன்றாக இருக்கும். ஏன்? முதல் எட்டுச் சீட்டில் சில தலைகீழான அடுக்கிலிருந்து, மிச்சம் மற்றதிலிருந்து வருகின்றன. நிறுத்திய இடத்தின் இரு பக்கமும் தொடர்ந்து நின்ற சீட்டுகள் அவை. சேர்த்தால் பழைய வரிசையின் துளையில்லாத எட்டு. அடுத்த எட்டுகளுக்கும் இதே கதை.

நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, வழமைபோல் நாலு நாலாகப் பகிராமல், ஆளுக்கு எட்டை ஒரேயடியாக மேலிருந்து எடுத்துக் கொடுங்கள். 304 ஆட்டத்தின் புள்ளிகள்: ஜெக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2; எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளி இல்லை. கையிலிருப்பதைக் கூட்டச் சொல்லுங்கள். நாலு பேருக்கும் 76 வரும்.