ஒரே நோயாளி, இரண்டு பதிவு எண்கள்

மருத்துவமனை மென்பொருளிலேயே என் பணிக்காலம் கழிந்திருக்கிறது. சர்வர் நின்றுபோனால் நான் பெரிதாகக் கலங்குவதில்லை. எல்லோருக்கும் அது உடனே தெரிந்துவிடும். காகிதத்தில் எழுதிச் சமாளிப்பார்கள். ஒரே நோயாளிக்கு இரண்டு பதிவு எண்கள் விழுந்துவிட்டால்தான் கவலை. அது யார் கண்ணிலும் படாது.

காலை ஒன்பது மணிக்குப் பதிவு கவுன்டரில் நின்று பாருங்கள். பழைய அட்டையைக் கொண்டுவராதவரிடம் பெயர் கேட்கிறார்கள். இனிஷியல் ஒருமுறை முன்னால், மறுமுறை பின்னால். வயது உத்தேசம். கைபேசி எண் போனமுறை மகனுடையது, இம்முறை மருமகளுடையது. முருகேசன் என்று தேடினால் திரை நிறைய முருகேசன்கள். வரிசையோ வாசல்வரை நீள்கிறது. புதிய எண் போட அரை நிமிடம் போதும். ஊழியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

நான் பார்த்த ஒரு பதிவைச் சொல்கிறேன். சர்க்கரை நோயாளி ஒருவர் மூட்டுவலிக்காக வந்தார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் 1.3. அந்த ஆய்வகத்தின் மேல்வரம்பும் அதுவே என்பதால் அறிக்கையில் எச்சரிக்கைக் குறி எதுவும் விழவில்லை. அவருடைய பழைய எண்ணில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் 0.8 என்று இருந்தது. ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவர் சிறுநீரகத்தைச் சந்தேகித்திருப்பார், வலிநிவாரணி எழுதுமுன் தயங்கியிருப்பார். ஆனால் அன்று பார்த்த மருத்துவரின் திரையில் புதிய பதிவு எண் மட்டுமே தெரிந்தது. பென்சிலின் ஒவ்வாமையும் இப்படித்தான்: எந்த எண்ணில் பதிந்தார்களோ அந்த எண்ணில் மட்டுமே எச்சரிக்கை எழும்.

கணினியே இவற்றைத் தானாக இணைத்துவிடக் கூடாதா என்று நிர்வாகிகள் கேட்பார்கள். பெயரின் ஒலிப்பு, பிறந்த தேதி, கைபேசி எண் ஆகியவற்றை ஒப்பிட்டு, இவை ஒருவருடையவையாக இருக்கலாம் என்று காட்டலாம், அவ்வளவுதான். தவறாக இணைத்தால் இன்னொருவரின் ரத்த வகை உங்கள் பதிவுக்குள் வந்துவிடும். பிறகு எது யாருடையது என்று பிரித்தெடுப்பது பெரும்பாடு. மருத்துவப் பதிவேட்டுத் துறையில் பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்து ஒப்புதல் தராமல் இணைப்பதற்கு நான் என்றும் சம்மதித்ததில்லை.

நோயாளியைச் சரியாக அடையாளம் காண்பதை உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டே பாதுகாப்பு வழிமுறைகளில் ஒன்றாக வகுத்தது. குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்கச் சொன்னது. 2021இல் நாடு முழுவதும் அறிமுகமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க 'ஆபா' எனும் சுகாதாரக் கணக்கு எண், மருத்துவமனை மாறினாலும் பதிவுகளைத் தொடர்புபடுத்த உதவும். ஆனால் அதைக் கவுன்டரில் சொன்னால்தான் பயன்.

பதிவு அட்டையைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்திருங்கள். ஆதாரில் உள்ள எழுத்துகளிலேயே பெயரையும், முழுப் பிறந்த தேதியையும் கொடுங்கள். முன்பு எப்போது வந்திருந்தாலும், பிரசவத்துக்காக வந்திருந்தாலும்கூட, 'வந்திருக்கிறேன், தேடுங்கள்' என்று வற்புறுத்துங்கள். ஒவ்வாமையைக் கணினி சொல்லிவிடும் என்று விட்டுவிடாமல் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் மூவரிடமும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.