கீலைத் தேய்க்கும் முன்

பந்தயப் பாய்மரப் படகு வைத்திருப்போர் பலர், பருவம் தொடங்கும் முன் தங்கள் படகின் அடியில் உள்ள இறக்கையான கீலைத் தாங்களே சீர்செய்ய முனைகிறார்கள். படகுப் பழுது பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நான் அதைத் தடுக்க மாட்டேன். பொறுமையுள்ள உரிமையாளர் செய்த கீல், அவசரமாக முடித்த பட்டறைக் கீலைவிட நன்றாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால் என்னிடம் திருத்தத்துக்கு வருபவற்றுள் பெரும்பாலானவை, அளவெடுக்கும் முன்பே உப்புத்தாளைக் கையில் எடுத்ததால் கெட்டவை.

நம் நாட்டுப் படகின் ஏரா அடியில் நீளவாக்கில் ஓடும் மரம். பந்தயப் படகின் கீலோ அடியிலிருந்து தொங்கும் உலோக இறக்கை. எதிர்க்காற்றில் செல்லும்போது படகு சற்றே பக்கவாட்டிலும் நழுவுகிறது. அதனால் நீர் சில பாகைச் சாய்வில் கீலைச் சந்திக்கிறது. படகு மேலும் நழுவாமல் தாங்கும் விசை அந்தச் சாய்விலிருந்துதான் பிறக்கிறது. சாய்ந்து வரும் நீர் முன்விளிம்பைச் சுற்றி வளைந்தாக வேண்டும். விளிம்பைக் கத்திபோல் கூராக்கினால் நீர் வளைய முடியாமல் பிய்ந்து சுழலும். ஒருவர் தம் ஜே/24 வகைப் பந்தயப் படகின் கீலை இப்படித்தான் ‘கூர்மையாக்கி’க் கொண்டுவந்தார், நேராக ஓடும்போது குறை தெரியவில்லை, ஆனால் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பின்னும் படகு வேகம் பிடிக்கத் திணறியது.

சரியான வடிவத்தைக் கண்ணால் ஊகிக்க முடியாது. எடுத்துக்காட்டாக, நாகா 0012 என்னும் பழகிய இறக்கைக் குறுக்குவெட்டில் பெருந்தடிமன், முன்னிருந்து பின்வரையுள்ள நீளத்தில் 12 விழுக்காடு. அது முன்விளிம்பிலிருந்து 30 விழுக்காட்டுத் தொலைவில் அமைகிறது. நீளம் 1000 மி.மீ. என்றால், 300 மி.மீ. தொலைவில் ஒரு பக்கத்துக்கு 60 மி.மீ. இருக்க வேண்டும். மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலாவது ஒட்டுப்பலகையில் பாதி வடிவ அச்சுகளை வெட்டி, அதே அச்சை இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். வார்ப்பில் வந்த கீல்கள் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பது அரிது. ஒரு பக்கக் காற்றில் நன்றாக ஓடி மறுபக்கத்தில் சோரும் படகுகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். எல்லாப் படகும் ஒரே வடிவில் இருக்க வேண்டிய ஜே/24 போன்ற வகுப்புகளில் கீலின் வடிவத்துக்கு விதிகளே எல்லை வகுத்துள்ளதால், விதிப்புத்தகத்தை முதலில் படியுங்கள்.

வடிவத்தைத் தொடும் முன் கீல் படகோடு சேரும் இடத்தைச் சோதியுங்கள். அங்கே விரிசலோ துருக்கசிவோ இருந்தால், பட்டி பூசி மறைக்காமல் போல்ட்டுகளையும் உள் கட்டமைப்பையும் வல்லுநரிடம் காட்டுங்கள். 2014 மே மாதம் வட அட்லாண்டிக்கில் ‘சீக்கி ரஃபிகி’ படகு கீலை இழந்து கவிழ்ந்ததில் நால்வர் உயிரிழந்தனர். முன்பு தரைதட்டியதும் அதன்பின் நடந்த பழுதுபார்ப்புகளும் அந்த இணைப்பைத் தளர்த்தியிருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு கூறியது.

அடுத்தது தூசு, பெரும்பாலோர் பொருட்படுத்தாததும் இதுவே. ஈயக் கீலை மின்தேய்ப்பானால் உலர்வாகத் தேய்த்தால் எழும் நுண்தூசு துணியிலும் தலைமுடியிலும் ஏறி வீடு வரை வந்துவிடும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்றும், விழுங்கிய ஈயத்தைச் சிறு குழந்தைகள் பெரியவர்களைப் போல் நான்கைந்து மடங்கு உறிஞ்சுகிறார்கள் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் சொல்கிறது. ஆகவே ஈயத்தைக் குறைக்க நான் பயன்படுத்துவது தச்சரின் இழைப்புளிதான். ஈயம் மென்மையான உலோகம், சுருளாகச் சீவி வரும், அள்ளிச் சேர்ப்பதும் எளிது. தேய்த்தே ஆக வேண்டிய இடத்தில் ஈரத்தோடு தேய்த்து, நுண்தூசைத் தடுக்கும் பி100 வடிகட்டி கொண்ட முகக்கவசம் அணியுங்கள். வேலை உடையை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள். பழைய படகாயின் அடிவண்ணத்தின் கீழடுக்குகளில் ட்ரைபியூட்டைல் டின் என்னும் நச்சுப்பொருள் இருக்கக்கூடும்; அதற்கான உலகத் தடை 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது.

சீவிய ஈயம் விரைவில் மங்கி ஆக்சைடு படியும் என்பதால், எபோக்சியை (கடினமாக்கி கலந்ததும் இறுகும் பிசினை) உடனே பூசி, அது ஈரமாக இருக்கும்போதே கம்பித் தூரிகையால் அதனூடே உரசுங்கள். வார்ப்பிரும்பாயின் மணல் வீச்சு முடிந்த அன்றே முதல் பூச்சு விழ வேண்டும். எபோக்சியின் கடினமாக்கி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை பிடித்தால் பின்பு சிறு தொடுதலுக்கும் கொப்பளிக்கும். இதனாலேயே தொழிலை விட்ட சக தொழிலாளர் உண்டு. கையுறை கட்டாயம். கையில் பட்டதைக் கரைப்பானால் துடைக்காதீர்கள்.

மைக்ரோபலூன் என்னும் உள்ளீடற்ற நுண்மணித் தூளை எபோக்சியில் கலந்த பட்டியைச் சற்றே உயரமாகப் பூசி, நீளமான வளையும் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, மூலைவாட்டில் இரு திசைகளிலும் தேயுங்கள். மெல்லிய கறுப்பு வண்ணத்தைத் தூவிவிட்டுத் தேய்த்தால், கறுப்பு மிஞ்சும் இடமெல்லாம் பள்ளம். விரல்நுனியால் தேய்த்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். பின்விளிம்பை உருட்ட வேண்டாம். இரண்டு மூன்று மி.மீ. தடிமனில் சதுரமாக வெட்டிவிடுங்கள், உருட்டினால் வேகத்தில் முனகும். பட்டி நீரை ஈர்க்கும் என்பதால் மேலே வெறும் எபோக்சியை மூன்று முறையேனும் பூச வேண்டும்.

கீலின் அடிப்பாகம் கட்டைமேல் அமர்ந்திருப்பதால் அங்கே மட்டும் கை எட்டாது. கிரேன் படகைத் தூக்கியபின் ஒரு மணி நேரம் தொங்கவிடும்படி முன்கூட்டியே பேசி வைத்து, கலந்த எபோக்சியோடு அப்போது கீழே நில்லுங்கள். படகுக்கு நேர் அடியில் அல்ல, ஓரமாக நின்று கையை நீட்டியே பூசுங்கள்.