பூனைக்கு விரதம் ஆகாது

தைப்பூசம் நெருங்கினால் பினாங்கில் நிறைய தமிழ் வீடுகளில் அடுப்படி முழுக்க சைவமாகிவிடும், கூடவே வீட்டுப் பூனைக்கும் தயிர்ச்சோறுதான். அன்பாகத்தான் வைக்கிறார்கள். ஆனால் பூனையின் உடம்பால் அதை வைத்து ஓட்ட முடியாது.

அதன் தாடை மேலும் கீழும்தான் அசையும், பக்கவாட்டில் அரைக்காது. வளர்ந்த பூனைக்கு உள்ள 30 பற்களும் குத்தவும் கிழிக்கவும் வெட்டவும்தான். நம் எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் இருக்கிறது, பூனையின் எச்சிலில் இல்லை, கணையத்தில் சுரப்பதும் குறைவு. குடலும் குட்டை. வெந்த சோறு ஓரளவு செரிக்கும், சரி, ஆனால் அதற்கு வேண்டியது அதில் இல்லை.

முக்கியமான விஷயம் கல்லீரல். நாம் சில நாள் புரதம் குறைத்துச் சாப்பிட்டால் நம் கல்லீரல் அதை எரிக்கும் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கும். பூனையின் கல்லீரலால் அப்படிப் பெரிதாகக் குறைக்க முடியாது, சாப்பாட்டில் புரதம் வந்தாலும் வராவிட்டாலும் எரித்துக்கொண்டே இருக்கும், போதவில்லை என்றால் சொந்தத் தசையைக் கரைக்கும்.

அப்புறம் டாரின் என்ற அமினோ அமில வகைச் சத்து. இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது, அரிசி பருப்பில் கிடையாது. பித்தநீருக்காகப் பூனை இதைத் தொடர்ந்து செலவழிக்கும், ஆனால் தேவையான அளவுக்குத் தானே தயாரிக்க முடியாது. குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை பலவீனமாகி வீங்கும். 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த இதய நோயையும் டாரின் குறைவையும் இணைத்துக் காட்டினார்கள். அந்தப் பூனைகள் சாப்பிட்டது கடையில் விற்ற பூனை உணவுதான், டாரின் சேர்த்துக் கொடுத்ததும் பல தேறின. வைட்டமின் ஏ கதையும் இதேதான்: கேரட்டிலும் பூசணியிலும் உள்ள பீட்டா கரோட்டினை நம் உடம்பு வைட்டமினாக மாற்றிக்கொள்ளும், பூனைக்கு அது முடியாது.

விரத நாளில் வீட்டில் கவுச்சி சமைக்க மனசு வராது, அது புரிகிறது. டின் உணவு வாங்கிப் பின்வாசலில் வையுங்கள், முழுமையான உணவு என்று அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதில் முக்கால் பங்கு தண்ணீர் என்பது இன்னொரு நன்மை. பாலைவனப் பூனையின் வம்சம் என்பதால் இது தானாகப் போய் அதிகம் குடிக்காது. மற்ற நாளில் கெம்போங் மீன் அவித்தால் அந்தத் தண்ணீரையும் சேர்த்து ஊற்றுங்கள், டாரின் அதில்தான் இறங்கியிருக்கும். தினமும் வெறும் மீன் மட்டுமே என்றால் அதுவும் போதாது. குழம்பு வேண்டவே வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும்.

தயிர்ச்சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிற பூனையை, பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று விட்டுவிடாதீர்கள். குண்டுப் பூனை என்றால் சில நாள் பட்டினியிலேயே உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.