அச்சு வெட்டும் முன் அட்டையில் வெட்டுங்கள்

பொருள் வடிவமைப்புத் தொழிலில் என்னைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் கணினியில் வரைந்த ஒரு படத்துடன்தான் வருகிறார்கள். ஒளி, நிழல், பளபளப்பு எல்லாம் சேர்த்த அந்தப் படத்தைப் பார்த்தால் பொருள் ஏற்கெனவே செய்து முடிந்துவிட்டது போலவே தோன்றும். "யோசனை தயார், இனி உற்பத்திக்கு அனுப்ப வேண்டியதுதானே?" என்று கேட்பார்கள். அவர்களுடைய ஆர்வத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யோசனை முதலில் வந்துவிடும், செய்வது அதன்பின் நடக்கும் வெறும் வேலை என்ற எண்ணம் மாதக்கணக்கான உழைப்பையும் பெரும் பணத்தையும் விழுங்கியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு பொருளைப் பற்றிய யோசனையின் பெரும்பகுதி, அதன் மாதிரியைக் கையால் செய்து பார்க்கும்போதுதான் பிறக்கிறது.

பிளாஸ்டிக் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை வார்க்க எஃகில் அச்சு வெட்ட வேண்டும். இதை டை என்றும் மோல்டு என்றும் சொல்வோம். அச்சு முடிந்தபின் பொருளின் சுவரைச் சற்றுத் தடிமனாக்க வேண்டுமானால், எஃகை இன்னும் கொஞ்சம் குடைந்தால் போதும். மெலிதாக்க வேண்டுமானால், குடைந்த இடத்தை வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடியும் வெட்ட வேண்டும். சில சமயம் அந்தப் பகுதியையே புதிதாகச் செய்ய நேரும். அதனால்தான் அனுபவமுள்ள அச்சுக்காரர்கள், இறுக்கமாகப் பொருந்த வேண்டிய இடங்களில் எஃகைக் கொஞ்சம் விட்டுவைத்து, முதல் வார்ப்பைப் பார்த்தபிறகே அளவுக்குக் குடைவார்கள். பாலிப்ராப்பிலின் என்ற பிளாஸ்டிக் வகை ஆறும்போது ஏறக்குறைய 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும். பொருள் அச்சிலிருந்து தடையின்றிக் கழன்று வர, சுவர்களுக்கு 1 அல்லது 2 டிகிரி சாய்வு கொடுப்பது வழக்கம். தடித்த பகுதிகளில் மேற்பரப்பு உள்வாங்கிக் குழி விழும். திரையில் மின்னும் படம் இவற்றில் ஒன்றையும் காட்டிக்கொடுக்காது.

சில ஆண்டுகளுக்கு முன், முதியவர்களுக்கான மாத்திரைப் பெட்டி ஒன்றை வடிவமைத்தோம். வண்ணம் பூசி மெருகேற்றிய மாதிரியைப் பயன்படுத்தப்போகிறவர்களிடம் கொடுத்தபோது, ஒருவர் தவறாமல் "நன்றாக இருக்கிறது" என்றார்கள். அந்தப் பதிலை நம்பி அச்சுக்குப் போகவிருந்தோம். வேறொரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, அதே பெட்டியை அட்டையும் ஒட்டுநாடாவும் கொண்டு ஒரு மாலையில் செய்து, மறுநாள் எடுத்துச் சென்றேன். முதல் நாள் பாராட்டிய அம்மா ஒருவர் அதை வாங்கினார்; இரண்டு முறை திருப்பினார்; நாங்கள் திறக்கச் சொன்ன பக்கத்தை விட்டுவிட்டு, எதிர்ப்பக்க விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அட்டை மடங்கியது. "இந்தப் பக்கம்தான் எனக்குக் கை போகிறது. இங்கே ஒரு பள்ளம் இருந்தால் நகம் மாட்டும்" என்றார். பென்சிலை எடுத்து அவரே அந்த இடத்தில் ஒரு கோடும் போட்டார். மூடியின் கீல் இருந்த பக்கத்தையே மாற்ற வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

முதல் நாள் அவர் பொய் சொல்லவில்லை. முழுமையாகத் தெரிகிற பொருளின் முன்னால் மனிதர்கள் மரியாதையுடன் நடந்துகொள்கிறார்கள். யாரோ உழைத்து முடித்ததைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. அரைகுறையான மாதிரியோ, நீங்களும் கை வைக்கலாம் என்று அழைக்கிறது. செய்தவருக்கும் இது பொருந்தும். மூன்று வாரம் மெருகேற்றிய ஒன்றைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வராது. ஒரு மாலையில் ஒட்டியதை அடுத்த மாலையே கிழித்துவிடலாம்.

இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று ரைட் சகோதரர்களின் 1901ஆம் ஆண்டு. அந்தக் கோடையில் அவர்கள் பறக்கவிட்ட கிளைடர் என்ற எஞ்சின் இல்லாத விமானம், கணக்குப்படி கிடைக்க வேண்டிய தூக்குவிசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் கொடுத்தது. உடனே இன்னொரு முழு கிளைடரைக் கட்டாமல், அவர்கள் பட்டறைக்குத் திரும்பி 6 அடி நீள மரப்பெட்டியில், உள்ளே காற்றைச் செலுத்தி இறக்கைகளைச் சோதிக்கும் ஒரு காற்றுச் சுரங்கத்தை அமைத்தார்கள். தகட்டை வெட்டி வளைத்து, உள்ளங்கையில் அடங்கும் சிறு இறக்கைகளாக ஏறக்குறைய 200 வடிவங்களைச் சோதித்தார்கள். விசையை அளந்த தராசைப் பழைய ரம்ப அலகுகளையும் சைக்கிள் ஸ்போக் கம்பியையும் கொண்டு செய்திருந்தார்கள். அந்தத் தகடுகளில் எதுவும் விமானம் போலத் தோன்றவில்லை; தோன்ற வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1902இன் கிளைடரும், 1903 டிசம்பர் 17 அன்று 12 வினாடிகள் பறந்த விமானமும் அந்த அளவீடுகளின்மேல் எழுந்தவை.

ஒரு மாதிரி, ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். எடையை அறிய வேண்டுமானால், உள்ளே இரும்புத் துண்டுகள் வைத்த வெறும் மரக்கட்டை போதும். அதற்கு வடிவம் தேவையில்லை. பிடிமானத்துக்குக் களிமண் போதும். மூடும்போது வரும் 'டக்' என்ற ஒலிக்கு மூடியின் ஒரு மூலையைச் செய்தாலே போதும். எல்லாக் கேள்விகளையும் ஒரே மாதிரியில் திணித்தால், அது தோற்கும்போது எதனால் தோற்றது என்று கண்டுபிடிக்க முடியாது.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தை (3D பிரிண்டர்) நானும் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வார்க்கப்பட்ட பாலிப்ராப்பிலின் மூடியின் மெல்லிய கீல் ஆயிரக்கணக்கான முறை மடங்கியும் தாங்கும். அதே கீலைச் சாதாரண 3D பிரிண்டரில் எடுத்தால் சில மடிப்புகளிலேயே உடைந்துவிடலாம். அது உடைந்ததைப் பார்த்து நல்ல வடிவத்தைக் கைவிட்டவர்களும் உண்டு.

ஆகவே, உங்கள் பொருளை வடிவமைக்க ஒருவரை அமர்த்தும்போது, அவர் முடித்த பொருள்களின் படங்களோடு நின்றுவிடாமல், அவற்றுக்காகக் கழித்துப்போட்ட மாதிரிகளையும் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்காகச் செய்யப்பட்டது, அதிலிருந்து என்ன மாறியது என்று கேளுங்கள். அச்சுக்கான வரைபடத்தில் கையொப்பமிடும் முன், பொருளை நாள்தோறும் கையாளப்போகும் ஒருவரிடம் வண்ணம் பூசாத மாதிரியைக் கொடுத்து, எந்த விளக்கமும் சொல்லாமல், அவருடைய விரல் முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள்.