கை நடுங்கினாத்தான் பார்க்கின்சனா?

ஒரு டிவி நிகழ்ச்சில பார்க்கின்சன்ங்கற மூளை நோய் பத்திப் பேசக் கூப்பிட்டாங்க. நான் சரின்னு சொன்னதும் முதல் கேள்வியே, "டாக்டர், கை நல்லா நடுங்குற பேஷன்ட் யாராவது கிடைப்பாங்களா, விஷுவலுக்கு வேணும்"னுதான் வந்துச்சு.

நிகழ்ச்சி வந்த அடுத்த ரெண்டு வாரம் கிளினிக்ல செம கூட்டம். டிவியால விழிப்புணர்வு வருமான்னு கேட்டா வரும், நானே பாத்தேன். ஆனா வந்தவங்கள்ல பாதிக்கு மேல பார்க்கின்சனே இல்ல. டம்ளரைத் தூக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் நடுங்குதுன்னா அது பெரும்பாலும் எசென்ஷியல் ட்ரெமர்ங்கற வேற ஒரு நடுக்கம், பார்க்கின்சனைவிட ரொம்ப சகஜமான விஷயம். தைராய்டு கூடினாலும் கை நடுங்கும், சில ஆஸ்துமா மருந்துக்கும் நடுங்கும். பார்க்கின்சன் நடுக்கம் கை மடியில சும்மா கிடக்கும்போதுதான் அதிகமா தெரியும், எதையாவது எடுக்கப் போனா குறையும்.

அதே ரெண்டு வாரத்துல தோள்வலின்னு ஒருத்தர் வந்தார். ஃப்ரோசன் ஷோல்டர்னு, அதாவது தோள் இறுகிப் போச்சுன்னு, ஒரு வருஷமா பிசியோதெரபி பண்ணிட்டிருந்திருக்கார். கதவுல இருந்து நாற்காலிக்கு நடந்து வர்றதுக்குள்ள எனக்குப் பொறி தட்டிடுச்சு, வலது கை வீசுது, இடது கை அப்படியே ஒட்டிட்டு வருது. எழுதச் சொன்னா வரி முடியறதுக்குள்ள எழுத்து பொடிப்பொடியா ஆயிடுச்சு. வீட்டம்மா சொன்னதுதான் இன்னும் மனசுல இருக்கு. "இவர் பேசுறது கேக்கலைன்னு நான் போய் காது டெஸ்ட் எடுத்தேன் டாக்டர், காது நல்லாத்தான் இருக்குன்னுட்டாங்க. மூஞ்சில சிரிப்பும் கிடையாது, என் மேல என்னமோ கோவம்னு நெனச்சேன்." குரல் சன்னமாகுறது, முகம் அசையாம போறது ரெண்டுமே இந்த நோயோட வேலைதான். நிகழ்ச்சி பாத்தீங்களான்னு கேட்டேன். "பாத்தோமே, இவருக்குத்தான் கை நடுங்கலையே."

ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்கு ஆரம்பத்துல நடுக்கமே இருக்காது. அசைவு மெதுவாகுறதுதான் நாங்க முதல்ல தேடுறது. மோப்பம் போறது, மலச்சிக்கல், தூக்கத்துல கனவு கண்டு கத்தி கைகாலை உதறுறது எல்லாம் பல வருஷம் முன்னாடியே தொடங்கலாம் (இதுல ஒண்ணு மட்டும் இருக்குன்னு உடனே பயந்துராதீங்க). இதையெல்லாம் கேமரா எப்படிப் புடிக்கும்? டிவியை மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது, 1817ல ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதினப்பவே நடுக்கத்தை வச்சுத்தான் பேர் வச்சார், தமிழ்லயும் நடுக்குவாதம்னுதான சொல்றோம்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்ல பார்க்கின்சன் வந்த குத்துச்சண்டை வீரர் முகமது அலி நடுங்குற கையோட தீபம் ஏத்தினதை உலகமே டிவில பாத்துச்சு, ஆயிரம் துண்டுப் பிரசுரம் அடிச்சாலும் அது நடக்காது. 29 வயசுலயே இந்த நோய்னு தெரிஞ்ச நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் 1998ல வெளிய சொன்னார், கிழவங்க நோய்னு இருந்த நெனப்பு கொஞ்சம் உடைஞ்சுச்சு. ஆனா 2006ல அவர் ஒரு தேர்தல் விளம்பரத்துல உடம்பு நெளிஞ்சு நெளிஞ்சு பேசினப்ப, மாத்திரை போடாம வந்திருக்கார், இல்லன்னா நடிக்கிறார்னு ஒரு ரேடியோக்காரர் சொன்னார். அந்த நெளிவு, பார்க்கின்சனுக்கு நாங்க கொடுக்குற முக்கிய மருந்தான லெவோடோபா மாத்திரையை பல வருஷம் சாப்பிடறதால வர்றது, அதாவது மாத்திரை வேலை செய்யும்போது தெரியறது. டிவில பாத்த அத்தனை பேருக்கும் நோய் தெரிஞ்சுச்சு, பாத்தது நோயா மருந்தான்னு தெரியல.

என் பேஷன்ட் ஒருத்தருக்கு இன்னொரு கொடுமை. பேட்டிக்குன்னு மாத்திரை நேரத்தைச் சரியா கணக்குப் பண்ணிப் போட்டுட்டு, தெளிவா பேசிட்டு வந்தார். அப்புறம் ஆபீஸ்ல லீவ் கேட்டா, "டிவில நல்லாத்தான பேசுனீங்க"ங்கறாங்க. மாத்திரையோட வேகம் இறங்கினா நாற்காலிலருந்து எந்திரிக்கவே அவருக்கு இன்னொரு கை வேணும், அந்த நேரத்துல யாரு கேமரா கொண்டு வந்தாங்க?

ரெண்டாவது தடவை கூப்பிட்டப்ப நடுக்கமே இல்லாத ஒருத்தரை, அவர் சம்மதத்தோட கூட்டிட்டுப் போனேன். சட்டை பட்டன் போடச் சொல்லி, கட் பண்ணாம எடுங்கன்னு கேட்டுக்கிட்டேன். அஞ்சு பட்டனுக்கு நாலு நிமிஷம் ஆச்சு, செட்ல ஒருத்தரும் பேசல. ஒளிபரப்புல ஆறு செகண்ட் வந்துச்சு, அதுவும் ஃபாஸ்ட் ஃபார்வர்டுல.