நம்பகத்தன்மையா, இயக்க உறுதியா?

கேளிக்கைப் பூங்காவில் ரோலர் கோஸ்டர் பாதியில் நின்றுவிட்டால் போதும், 'தயாரிப்பு நிறுவனத்தின் நம்பகத்தன்மை கேள்விக்குறி' என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். ரிலையபிலிட்டி என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் கை தானாக எழுதும் மொழிபெயர்ப்பு இது. எத்தனை முறைதான் படிப்பது!

ரிலையபிலிட்டியின் வேர் லத்தீன். 'கட்டு, பிணை' என்ற பொருளில் தொடங்கி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம்பகத்தின் வேர் 'நம்பு'. சரி, வரலாறு இவ்வளவு போதும்.

நம்புவது நம் மனம் செய்யும் வேலை. சாட்சியை நம்புகிறோம், செய்தியை நம்புகிறோம். அங்கே நம்பகத்தன்மை அழகாகப் பொருந்தும். ஆனால் பொறியாளர் கேட்பது வேறு: குறித்த சூழலில், குறித்த காலம்வரை, இந்த இயந்திரம் பழுதாகாமல் தன் வேலையைச் செய்யுமா? ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவே சராசரியாக எத்தனை மணி நேரம் ஓடியது என்று இதை அளந்தே சொல்லலாம். நம்பிக்கையை மணிக்கணக்கில் அளக்க முடியுமா?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சீடர் பாயிண்ட் பூங்காவில் 2003இல் இன்டமின் நிறுவனம் அமைத்த டாப் த்ரில் டிராக்ஸ்டர் என்ற ரோலர் கோஸ்டரைப் பாருங்கள். உயரம் 420 அடி. கீழிருந்து ஏவிய வேகம் போதாமல் சில சமயம் ரயில் உச்சியைத் தாண்டாமல், வந்த வழியே பின்னோக்கி இறங்கியது. கீழே காந்த பிரேக்குகள் அதைப் பிடித்து நிறுத்தின. இப்படி நடக்கும் என்று தெரிந்தே வடிவமைத்தார்கள், ஆகவே பாதுகாப்பு கெடவில்லை. ஆனால் ஏவும் அமைப்பு அடிக்கடி மக்கர் பண்ணியது, வரிசையில் நின்றவர்கள் காத்துக் கிடந்தார்கள். ரிலையபிலிட்டி குறைவு என்றால் அதுதான். 2021இல் அதே ரயிலிலிருந்து உலோகத் துண்டு ஒன்று கழன்று விழுந்து, வரிசையில் நின்ற ஒரு பெண் படுகாயமடைந்தார். அது பாதுகாப்புக் குறை. இரண்டுக்கும் நம்பகத்தன்மை என்ற ஒரே சொல்லைப் போட்டால், படிப்பவருக்கு வேறுபாடு எப்படித் தெரியும்? முன்னால் போன ரயில் தடத்தில் தன் பகுதியை விட்டு இன்னும் விலகவில்லை என்று உணரி (சென்சார்) காட்டியதும் பின்னால் வருவதை நிறுத்தினால்கூட 'பயணிகள் உயிர் தப்பினர்' என்று செய்தி போடுகிறார்கள். பாதுகாப்பு அமைப்பு ஒழுங்காக வேலை செய்ததால் அது நின்றது!

'தூய தமிழ்ச் சொல்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்பார்கள். தமிழ் வேர் இருப்பது மட்டும் போதாது, பொருள் துல்லியமாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'இட்டி' என்று முடிவதற்கெல்லாம் 'தன்மை' ஒட்டும் பழக்கத்தையும் மொழிபெயர்ப்பாளர்கள் விட வேண்டும்.

பட்டறையில் 'மக்கர் பண்ணாது' என்கிறோம். 'பத்து வருஷம் உழைக்கும்' என்பது வேறு, அது ஆயுளைச் சொல்வது. மக்கர் பண்ணாத குணத்துக்கு எழுத்தில் 'இயக்க உறுதி' என்பேன். 1988இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய பொலிகர் அண்ட் மபிலார்ட் நிறுவனத்தின் ரோலர் கோஸ்டர்கள் அரிதாகவே பழுதாகி நிற்கும் என்று பெயர் வாங்கியவை. அவற்றுக்கு இயக்க உறுதி அதிகம் என்று எழுதினால் யாருக்கும் விளங்கும். உதிரி பாகத்தைச் சொன்ன தேதியில் அனுப்புவார்களா, குறையை மறைக்காமல் சொல்வார்களா என்ற கேள்வி வரும்போது, நிறுவனத்தின் நம்பகத்தன்மை என்று தாராளமாக எழுதலாம்.